பழைய பெட்ரோல் இன்ஜினில் சிந்தடிக் ஆயில் ஊற்றும் முன்: அறிகுறி பார்த்து அழுக்கெடுக்கும் வழி

பத்துப் பதினைந்து வருடம் 20டபிள்யூ-40 (ஆயிலின் தடிமன் எண்) மினரல் ஆயிலிலேயே ஓடிய மாருதி 800, ஜென், ஆல்டோ, சான்ட்ரோ மாதிரி வண்டியில் திடீரென்று சிந்தடிக் ஊற்றினால் இன்ஜின் போய்விடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. சிந்தடிக் தானாக எதையும் கெடுப்பதில்லை. உள்ளே ஒட்டிக்கிடந்த கசடை அது பெயர்க்க ஆரம்பிக்கும்போது, பெயர்ந்த கசடு எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் வில்லங்கம்.

ஆயில் போகும் பாதையைப் பாருங்கள். இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பிலிருந்து ஸ்ட்ரெய்னர் வழியாகப் பம்ப், பம்ப்பிலிருந்து ஃபில்டர், ஃபில்டரிலிருந்து கிராங்க்ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங்குக்கும் மேலே வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும். ஸ்ட்ரெய்னர் என்பது டீ வடிகட்டி அளவுக்கு ஒரு கம்பி வலை. அது ஃபில்டருக்கு முன்னால் இருப்பதால் ஃபில்டர் அதைக் காப்பாற்ற முடியாது. கட்டியாகப் பெயரும் கசடு முதலில் அடைப்பது அந்த வலையைத்தான். பம்ப் உறிஞ்ச ஆயில் இல்லாமல் தவிக்கும். பொடிக்கரி வலையைத் தாண்டி ஃபில்டரை அடைத்தால், அதற்குள் இருக்கும் பைபாஸ் வால்வ் திறந்துகொண்டு வடிகட்டாத ஆயிலையே பேரிங்குக்கு அனுப்பும். ஆகவே கசடு பெயரும் வேகம் ஃபில்டர் பிடிக்கும் வேகத்தைத் தாண்டக் கூடாது. கீழே சொல்லும் எல்லா வழிகளும் இந்தக் கணக்கில் போட்டவை.

முதலில் சோதனை

வண்டியைப் பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவுங்கள். அளவு, நிறம், வாடை மூன்றும் வேண்டும். விரல் நுனியில் தேய்த்தால் வழுக்க வேண்டும். நெருநெருத்தால் கரியோ உலோகப் பொடியோ இருக்கிறது. எல்பிஜி கிட் போட்ட வண்டியில் நிறத்தை நம்ப வேண்டாம். கேஸில் ஓடும் இன்ஜினின் ஆயில் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும், ஆனால் உள்ளுக்குள் தடித்துப் போயிருக்கும்.

அடுத்து ஒரு சொட்டுச் சோதனை. ஃபில்டர் பேப்பரில், கிடைக்காவிட்டால் நான்காக மடித்த டிஷ்யூவில், சூடான ஆயிலை ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க விடுங்கள். சாம்பல் நிறம் நடுவிலிருந்து ஓரம் வரை சீராகப் பரவியிருந்தால், கரியைத் தூக்கிச் சுமக்கும் சக்தி அந்த ஆயிலில் இன்னும் இருக்கிறது. நடுவில் கோலப்புள்ளி மாதிரி கெட்டிக் கறுப்பும், அதைச் சுற்றி வெறும் மஞ்சள் எண்ணெய் வளையமும் இருந்தால் அந்தச் சக்தி தீர்ந்துவிட்டது. கரி இன்ஜினுக்குள்ளேயே படிய ஆரம்பித்திருக்கிறது.

பிறகு ஆயில் மூடியைக் கழற்றி அடியைப் பாருங்கள், ஓட்டைக்குள் டார்ச் அடியுங்கள். பல இன்ஜின்களில் மூடிக்கு நேர் கீழே ஒரு தடுப்புத் தகடு இருக்கும், அதில் இருப்பதை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது. சந்தேகம் என்றால் டாப்பட் கவரையே கழற்றிவிடலாம். சில போல்ட்டுகளும் ஒரு கேஸ்கட்டும்தான் செலவு. பழைய கேஸ்கட் எப்படியும் பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருக்கும், மாற்ற வேண்டியதுதான்.

உள்ளே தேன் நிறத்தில் மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டும் இருந்தால் அது அழுக்கில்லை, வயசு. அந்த வண்டிக்கு எந்தக் கழுவலும் வேண்டாம். புது ஃபில்டர் போட்டு நேராக சிந்தடிக் ஊற்றி, முதல் தடவை மட்டும் 3,000 கிலோமீட்டரில் மாற்றினால் போதும்.

மூடியின் அடியில் வெள்ளைக் குழம்பு

வெண்ணெய் திரண்ட மோர் மாதிரி மூடியில் ஒட்டியிருக்கும். டிப்ஸ்டிக்கில் அது இல்லாமல் மூடியில் மட்டும் இருந்தால், வண்டி சூடாகும் முன்பே நிறுத்தப்படுகிறது என்று பொருள். தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இது சகஜம். எரியும் பெட்ரோலிலிருந்து வரும் நீராவி உள்ளே குளிர்ந்து ஆயிலோடு கலக்கிறது. நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஹைவேயில் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள், பெரும்பாலும் மறைந்திருக்கும்.

மறையவில்லையா, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வ்) இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட் ஆகிறது என்று சொன்னால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கடாசுவது நம் ஊரில் பழைய பழக்கம். அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கும். கசடு உருவாக இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடாமல் விலை கூடிய ஆயில் ஊற்றுவது வீண்.

டிப்ஸ்டிக்கிலும் பால் காபி நிறம் இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். சமையலுக்கு ஆகாத ஒரு பழைய தோசைக்கல்லை வெளியே வைத்துச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். தண்ணீர் இருந்தால் கடுகு தாளித்த மாதிரி படபடக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் வாடை வீசும் ஆயிலில் இதைச் செய்யவே கூடாது. படபடத்தால் ஃப்ளஷ்ஷும் (ஆயிலில் கலந்து உள்ளே கழுவும் திரவம்) வேண்டாம், சிந்தடிக்கும் வேண்டாம். முதலில் ஹெட்டைக் கழற்றுங்கள்.

மூடிக்குள் கறுப்புப் படிவம்

விரலால் வழித்தால் கிரீஸ் மாதிரி வந்துவிடும் கறுப்பு ஒரு ரகம். ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் அடிப்பிடித்த பால்கோவா மாதிரி செதில் செதிலாகப் பெயர்வது இன்னொரு ரகம். முதல் ரகம் ஆயிலில் கரையும், மெதுவாகக் கழுவும் வழியிலேயே சரியாகும். இரண்டாவது ரகம் கரையாது, உடைந்து விழும். அது இருக்கும் இன்ஜினில் எந்த ஃப்ளஷ்ஷையும் ஊற்றாதீர்கள். சம்ப்பை இறக்கிக் கையால் சுத்தம் செய்வது ஒன்றே வழி.

மெதுவாகக் கழுவும் வழி

பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே போதும். நேரம் பிடிக்கும், ஆனால் தப்பாகப் போவதற்கு இடம் குறைவு.

இப்போது இருக்கும் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே இறக்குங்கள். டிரெயின் போல்ட் பெரும்பாலும் 17 ஸ்பேனர். கடைசி இரண்டு சுற்றை மேல்நோக்கி அழுத்தியபடி கையால் கழற்றினால் ஆயில் முழங்கை வரை வழியாது. இருபது நிமிடம் சொட்டவிடுங்கள். வாஷரைப் புதிதாகப் போடுங்கள். மாருதி வண்டிகளில் டிரெயின் போல்ட் முறுக்கு 35 நியூட்டன் மீட்டர் போதும். நீளக் குழாய் மாட்டி முறுக்கினால் அலுமினிய சம்ப்பில் மரை போய்விடும்.

புது ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவி, ரப்பர் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று, கையால் மட்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் இன்ஜின் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு ரப்பர் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் ஸ்டார்ட் செய்த நிமிடத்தில் அத்தனை ஆயிலும் தரையில் இருக்கும்.

இப்போது ஊற்ற வேண்டியது சிந்தடிக் அல்ல. சிஐ-4 பிளஸ், எஸ்எல் என்று இரண்டு ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) தர முத்திரையும் சேர்ந்திருக்கும் 15டபிள்யூ-40 டீசல் இன்ஜின் ஆயில். டீசல் கரியைச் சமாளிக்க அதில் கழுவும் மருந்து தாராளமாகச் சேர்த்திருப்பார்கள். எஸ்எல் இருப்பதால் பெட்ரோல் இன்ஜினுக்கும் ஆகும். அதில் ஜிங்க், பாஸ்பரஸ் கூடுதல் என்பதால் ஆயில் குடிக்கும் வண்டியில் வருடக்கணக்கில் ஊற்றினால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு ஆகாது. இரண்டு தடவைக்குப் பாதகமில்லை. இந்த வகைச் சிறு இன்ஜின்களுக்கு ஃபில்டரோடு சேர்த்து இரண்டரையிலிருந்து மூன்றரை லிட்டர் பிடிக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். முதலில் இரண்டு லிட்டர் ஊற்றிவிட்டு டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள்.

800 கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டரை மட்டும் மாற்றி, குறைந்ததை ஊற்றி நிரப்புங்கள். ஆயில் இன்னும் சுமக்கும், ஃபில்டர்தான் முதலில் நிரம்பும். 2,000 கிலோமீட்டரில் ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்றுங்கள். அதே ஆயிலில் இன்னொரு 2,000. இரண்டாவது முறை இறக்கும்போது சொட்டுச் சோதனையில் சாம்பல் சீராகப் பரவி, மூடிக்கு அடியில் உலோகம் தெரிய ஆரம்பித்திருந்தால் சிந்தடிக்குக்குப் போகலாம். இல்லையென்றால் மூன்றாவது தடவையும் இதுவே.

கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். ரம்பத்தால் அறுத்தால் இரும்புத்தூள் கலந்து பொய் சொல்லும், தகரக் கத்தரியோ ஃபில்டர் கட்டரோ நல்லது. மடிப்புக் காகிதத்தை உருவி, வெள்ளைத் துணிமேல் பிழிந்து, காந்தம் ஓட்டுங்கள். நசுக்கினால் மையாகும் கறுப்புத் துகள் கரி, அதை எதிர்பார்த்ததுதான். காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுமினுப்பு, அதிலும் செம்பு நிறம் கலந்திருந்தால், பேரிங் தேய்கிறது. அந்த இன்ஜினுக்கு ஆயில் மாற்றிப் பயனில்லை.

ஃப்ளஷ் டின் எப்போது

சொட்டுச் சோதனை மோசம், மூடிக்குள் இருப்பது வழித்தால் வரும் மென்மையான கறுப்பு, ஆயில் பிரஷரில் குறை இல்லை: இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும். கடைகளில் கிடைக்கும் 300 மில்லி டின்கள் பல ஐந்து லிட்டர் வரையான ஆயிலுக்குக் கணக்கிட்டவை. மூன்று லிட்டர் இன்ஜினுக்கு 180 மில்லி போதும், மீதியை மூடி வையுங்கள். இன்ஜினைச் சூடாக்கி, பழைய ஆயிலிலேயே கலந்து, டின்னில் போட்டிருக்கும் நேரம் மட்டும், பெரும்பாலும் பத்து நிமிடம், ஐட்லிங்கில் விடுங்கள். ரேஸ் செய்யாதீர்கள், ஓட்டவும் ஓட்டாதீர்கள். ஆயில் மெலிந்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் பேரிங்கில் லோடு விழக் கூடாது. ஆயில் விளக்கிலிருந்து கண் எடுக்காதீர்கள். மினுக்கினால் அந்த நொடியே ஆஃப்.

எவ்வளவு இறக்கினாலும் கால் லிட்டர் அளவுக்குப் பழையது உள்ளே பதுங்கியிருக்கும், ஃப்ளஷ்ஷும் அதோடு சேர்ந்துதான். அதனால் அடுத்து ஊற்றுவது சாதா ஆயில், 500 கிலோமீட்டரில் ஃபில்டரோடு இறக்கிவிட வேண்டும். சிந்தடிக் அதற்கு அப்புறம்தான்.

மண்ணெண்ணெய், டீசல் ஊற்றிச் சுழற்றுவதைப் பற்றி: அது கழுவும், சந்தேகமே இல்லை. கெட்டிக் கசடையும் கட்டி கட்டியாகப் பெயர்த்துக் கொண்டுவந்து ஸ்ட்ரெய்னரில் போடும், அதுவும் பேரிங்கில் ஆயில் படலம் அறுந்திருக்கும் நேரத்தில். அரை லிட்டர் மண்ணெண்ணெய் கலந்த மூன்று லிட்டர் ஆயில், சூட்டில் தண்ணீர் மாதிரிதான் ஓடும். கழற்றி வெளியே எடுத்த பாகங்களைக் கழுவ மண்ணெண்ணெய் அருமையான பொருள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஒரு லிட்டர் கலப்பதும் இந்த வகையறாதான். கழுவும் மருந்து சாதாரண இன்ஜின் ஆயிலில் இருப்பதைவிட அதில் குறைவு, நிறம் மட்டும்தான் சிவப்பு.

சூடானதும் ஐட்லிங்கில் ஆயில் விளக்கு மினுக்குகிறது

இந்த அறிகுறி உள்ள வண்டியில் எதையும் ஊற்றும் முன் ஆயில் பிரஷரை மானியால் அளந்தே தீர வேண்டும். பிளாக்கிலிருந்து ஆயில் ஸ்விட்சைக் கழற்றி அந்த மரையில் பிரஷர் மானியை மாட்டுங்கள். இன்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும்.

ஐட்லிங்கில் ஒரு பார் அளவிலும் 3,000 ஆர்பிஎம்மில் மூன்று பார் அளவிலும் காட்டினால் இன்ஜினில் குறையில்லை, ஸ்விட்ச்தான் போயிருக்கிறது. ஐட்லிங்கில் அரை பாருக்குக் கீழே, ஆனால் ரேஸ் செய்தால் ஒழுங்காக ஏறுகிறது என்றால் பேரிங் தேய்மானம், அல்லது ஆயில் மெலிந்திருக்கிறது. பெட்ரோல் கலந்திருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். ரேஸ் செய்யச் செய்ய முள் ஏறாமல் இறங்கினால், அதைத்தான் கவனிக்க வேண்டும்: பம்ப் வேகமாகக் கேட்கிறது, வலை கொடுக்கவில்லை. ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கிறது, சம்ப்பை இறக்குங்கள்.

சம்ப் போல்ட்டுகள் பெரும்பாலும் 10 ஸ்பேனர். சில வண்டிகளில் கிளட்ச் ஹவுசிங்கின் அடித்தகட்டையும் சைலன்சர் முன்குழாயையும் முதலில் விலக்க வேண்டும். சம்ப் பேஸ்ட்டில் ஒட்டியிருந்தால் ஸ்குரூ டிரைவரைச் சொருகி நெம்பாதீர்கள், விளிம்பு வளைந்தால் ஆயுசுக்கும் ஒழுகும். மெல்லிய பட்டைக் கத்தியைத் தட்டிச் சுற்றிக்கொண்டு வாருங்கள். ஸ்ட்ரெய்னரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உள்ளிருந்து வெளியே காற்றடியுங்கள். வலைக் கண் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் தெரிய வேண்டும்.

பலர் விடுவது ஒன்று உண்டு. ஸ்ட்ரெய்னர் குழாய் பம்ப்போடு சேரும் இடத்தில் ஓ-ரிங்கோ கேஸ்கட்டோ இருக்கும். பழசு விறைத்திருந்தால் பம்ப் அந்த இடுக்கில் காற்றை உறிஞ்சும், வலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பிரஷர் நிற்காது. அதை மாற்றாமல் சம்ப்பை மூடினால் ஒரு நாள் வேலை இரண்டாவது தடவையும் செய்ய வேண்டிவரும்.

திரும்பப் பூட்டும்போது ஆர்டிவி (சிலிக்கோன் கேஸ்கட்) பேஸ்ட் மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ஒரே கோடு, போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக. கூடுதலாக அப்பினால் உள்ளே பிதுங்கிய பேஸ்ட் உலர்ந்து உதிர்ந்து, இப்போதுதான் கழுவிய வலையிலேயே போய் ஒட்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாக, பத்து நியூட்டன் மீட்டர் வாக்கில் முறுக்குங்கள். பேஸ்ட் காயும் நேரம் டியூபில் போட்டிருக்கும், அதற்கு முன் ஆயில் ஊற்றாதீர்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் கார்புரேட்டர் வண்டியில் காயில் ஒயரைக் கழற்றி, எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர்) வண்டியில் ஃபியூல் பம்ப் ரிலேவை உருவி, பத்துப் பத்து நொடியாக செல்ஃப் அடியுங்கள். விளக்கு அணைந்த பிறகு ஒயரை மாட்டலாம்.

மேலே டக் டக் சத்தம்

டாப்பட் சத்தத்தைக் கேட்டதும் கசடு என்று முடிவு செய்யக் கூடாது. மாருதி 800, ஆம்னி, பழைய ஆல்டோ மாதிரி வண்டிகளில் டாப்பட்டை ஸ்குரூ வைத்துத்தான் அட்ஜஸ்ட் செய்கிறார்கள். அதில் இடைவெளி கூடினால் சத்தம் வரும், எந்த ஆயிலும் அதை அடக்காது. ஃபீலர் கேஜ் எடுத்து அளந்து கையேட்டில் உள்ள இடைவெளியை வையுங்கள். ஆயில் அழுத்தத்தில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பட் உள்ள இன்ஜினில், காலையில் ஸ்டார்ட் செய்து சில நொடிக்கு மேல் சத்தம் நீடித்தால், டாப்பட்டுக்கு ஆயில் போகும் சின்ன ஓட்டையில் வார்னிஷ் பிடித்திருக்கலாம். மெதுவாகக் கழுவும் வழியில் இரண்டாவது ஆயிலுக்குள் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆயில் குடிக்கிறது, நீலப் புகை

புகை எப்போது வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை, பிறகு ஒன்றுமில்லை: வால்வ் சீல். கொல்லிமலை மாதிரி நீண்ட இறக்கத்தில் கியரில் இறங்கிவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வந்தாலும் வால்வ் சீல்தான். சீல் ரப்பர் கல்லாகிப் போயிருக்கும், கழுவி ஒன்றும் ஆகாது, மாற்ற வேண்டும்.

மேட்டில் லோடு ஏற ஏற, மிதித்துக்கொண்டிருக்கும் வரை புகை தொடர்ந்தால் ரிங். இங்கே கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு, பாருங்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி சுழற்றி அளங்கள். சிலிண்டர்களுக்குள் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வ்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் ஆயில் குறைகிறதா? அப்போதுதான் சுத்தம் செய்வதில் பலன் இருக்கிறது. மூன்றாவது ரிங், அதாவது ஆயிலை வழித்துவிடும் ரிங், கரியில் சிக்கி நகராமல் இருக்கும். ஆயில் திரும்பி இறங்கும் பிஸ்டன் ஓட்டைகளும் அடைத்திருக்கும். பிஸ்டனை நடு உயரத்துக்குக் கொண்டுவந்து, பிளக் ஓட்டை வழியே கார்பன் கரைக்கும் திரவம் 30 மில்லி விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். மூன்று சிலிண்டர் இன்ஜினில் எல்லா பிஸ்டனும் ஒரே நேரத்தில் நடுவில் நிற்காது, ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும். காலையில் மிச்சத் திரவத்தைச் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்து, பிளக் மாட்டாமல், ஓட்டைமேல் துணி போட்டு, காயில் ஒயரைக் கழற்றிச் சுழற்றுங்கள். திரவம் உள்ளே நிற்கும்போது பிளக்கை மாட்டிச் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். அந்தத் திரவத்தில் ஒரு பங்கு சம்ப்புக்குள் இறங்கியிருக்கும் என்பதால், வண்டியை ஓட்டும் முன் ஆயிலை மாற்றியாக வேண்டும்.

ஆயில் கூடிக்கொண்டே போகிறது

குறைவதைவிட இது ஆபத்து. பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டர் வண்டியில் இரண்டு இடம்: ஹெட்டில் மாட்டியிருக்கும் மெக்கானிக்கல் ஃபியூல் பம்ப்பின் டயஃப்ராம் கிழிந்திருக்கலாம், அல்லது கார்புரேட்டர் நீடில் வால்வ் மூடாமல் வழியலாம். எம்பிஎஃப்ஐ வண்டியில் ஒழுகும் இன்ஜெக்டர். காரணத்தைச் சரி செய்து, ஆயிலை அன்றே இறக்கிவிடுங்கள். பெட்ரோல் கலந்த ஆயிலே ஒரு ஃப்ளஷ் மாதிரிதான், கசடை அது ஏற்கெனவே இளக்கியிருக்கும். எனவே 500 கிலோமீட்டரில் இன்னொரு ஃபில்டர்.

ஒழுகல்

1970களில் வந்த முதல் சிந்தடிக்குகளில் ரப்பர் சீல் சுருங்கும் குறை உண்மையிலேயே இருந்தது. பிறகு எஸ்டர் போன்ற, சீலை ஊதவைக்கும் சரக்குகளைச் சேர்த்து அதைச் சரி செய்துவிட்டார்கள். இன்றைக்கு மாற்றியதும் ஒழுகினால், சீல் முன்பே போயிருந்தது. கசடு அடைப்பானாக நின்றது, அது போனதும் வெளியே தெரிகிறது.

சீல் மாற்றும் முன், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் பிரீதர் ஹோஸையும் பாருங்கள். ஐட்லிங்கில் ஆயில் மூடியை எடுத்துவிட்டு ஓட்டைமேல் ஒரு தாளை வையுங்கள். தாள் லேசாக உள்ளே இழுபட வேண்டும், அல்லது சும்மா கிடக்க வேண்டும். எகிறிக் குதித்தால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் புது சீலையும் தள்ளி ஒழுகவைக்கும். பிசிவி வால்வைக் குலுக்கினால் கடகடக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் மாற்றுங்கள், விலை சொற்பம். வால்வும் ஹோஸும் நன்றாக இருந்தும் தாள் எகிறினால் ரிங் வழியாக வரும் காற்று, மேலே சொன்ன கம்ப்ரஷன் சோதனைக்குப் போங்கள்.

ஒழுகும் இடம் தெரிய, இன்ஜினைக் கழுவித் துடைத்து, சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான். மேலிருந்து தேடுங்கள்: டாப்பட் கவர், டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங், கேம் சீல், முன் கிராங்க் சீல், கடைசியாகப் பின் மெயின் சீல். டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங்கில் ஒழுகுவது கியர்பாக்ஸ் மேல் வழிந்து கீழே சொட்டும்போது அச்சு அசலாகப் பின் மெயின் சீல் மாதிரியே இருக்கும். கியர்பாக்ஸ் இறக்கச் சொன்னால், முதலில் அந்தச் சின்ன ரிங்கை மாற்றிப் பாருங்கள். கேம் சீலும் முன் கிராங்க் சீலும் டைமிங் பெல்ட் பக்கம் இருப்பவை. ஆயில் பட்டால் பெல்ட் ஊறிக் கெடும். பெல்ட் மாற்றும் நாளிலேயே இரண்டையும் சேர்த்து மாற்றுவது மலிவு.

எந்த சிந்தடிக்

20டபிள்யூ-40இல் ஓடிய இன்ஜினுக்கு 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40. முன்னால் இருக்கும் எண் குளிருக்கு. நம் ஊரில் அதைவிடப் பின்னால் இருக்கும் எண்தான் முக்கியம். 100 டிகிரி சூட்டில் 40 கிரேடின் பிசுக்கு (தடிமன்) 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை, 30 கிரேடுக்கு 9.3 முதல் 12.5 வரை. தேய்ந்த பேரிங்குக்கு அந்த வித்தியாசம் ஐட்லிங் பிரஷரில் அப்படியே தெரியும். புது வண்டிக்குப் போடும் 0டபிள்யூ-20ஐ இதில் ஊற்றுவது விஷப் பரீட்சை. ஏபிஐ எஸ்என் அல்லது எஸ்பி பாருங்கள். டின்னில் ‘சிந்தடிக் டெக்னாலஜி’ என்று மட்டும் இருந்தால் பல நேரம் அது கலப்பு ஆயில்.

மாற்றிய பிறகு தெரிவது

புது ஆயில் 300 கிலோமீட்டரிலேயே கறுத்துவிட்டதா? கழுவுகிறது, அவ்வளவுதான். இதற்காக ஆயிலை இறக்க வேண்டாம், 1,000 கிலோமீட்டரில் ஃபில்டரை மட்டும் மாற்றி, 3,000த்தில் இரண்டையும் மாற்றுங்கள்.

முதல் 1,500 கிலோமீட்டரில் ஆயில் முன்பைவிடச் சற்று வேகமாகக் குறையலாம். வாரம் ஒருமுறை காலையில், வண்டியை எடுக்கும் முன் டிப்ஸ்டிக் பாருங்கள். அரை லிட்டர் அதே ஆயில் டிக்கியில் இருக்கட்டும். சிக்கிய ரிங் விடுபட்டால் குறைவது தானாக நின்றுவிடும். 3,000 கிலோமீட்டர் தாண்டியும் நிற்காவிட்டால் வால்வ் சீல் பக்கம் போங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் விளக்கு எரிந்தால், அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி ஆஃப் செய்து, அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் பெயர்ந்த கசடு வலையை அடைத்திருக்கலாம். மேலே ஆயில் ஊற்றிப் பலனில்லை, மறுபடி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. டோ செய்து பட்டறைக்குக் கொண்டுபோய் சம்ப்பை இறக்கச் சொல்லுங்கள். மெயின் பேரிங் தப்பியிருக்கும் வரை இது ஒரு நாள் வேலைதான்.